பாடல் கருவியும் பாயிர மரபும்



சில மாதங்களுக்கு முன்னர்க் காரில் சென்றுகொண்டிருந்தபோது, 'கப்பலோட்டிய தமிழன்' திரைப்படத்தில் இடம்பெற்ற பாரதியார் பாடல் ஒன்று கைப்பேசியிலிருந்து ஒலித்தது. உடன் வந்த என் பேத்தி உயர்நிலைப் பள்ளி மாணவி. அவள் கைப்பேசியின் திரையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவர் நல்லா எழுதியிருக்காரே!" என்றாள். அவள் சுட்டிய பெயர் பாடகருடையது. திரையில் இருந்த ஒரே மனிதப் பெயர் அதுதான். அதையே ஆசிரியர் பெயராக அவள் கொண்டதில் வியப்பில்லை. அந்தப் படம் வெளிவந்தது 1961இல். பாரதியார் மறைந்ததோ 1921இல். இசை அமைத்தவர் ஜி. இராமநாதன். ஒரு பாட்டைச் சேர்ந்து ஆக்கிய மூவருள் ஒருவரை மட்டுமே அந்தத் திரை அறிந்திருந்தது.

ஏன் அப்படி? இதுவே இன்றைய உரையின் பொருள். பாடல் கருவிகள் ஒரு பாட்டின் பெயரையும் அதை ஆக்கியோர் பெயரையும் எங்கிருந்து பெறுகின்றன, எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை விட்டுவிடுகின்றன என்பதை முதலில் விளக்குகிறேன். பின்னர், இது பொறியாளர்களின் சிக்கல் மட்டுமன்று, தமிழாசிரியர்களின் கடமையும் இதில் உண்டு என்பதைச் சொல்ல விழைகிறேன்.

ஒலிக்குத் தன் பெயர் தெரியாது

முதலில் ஓர் எளிய உண்மை. பதிவுசெய்யப்பட்ட ஒலி என்பது அலைகளின் அளவுகளைக் குறிக்கும் எண்வரிசை. அதற்குள் பாடலின் பெயர் இல்லை. பெயரை யாரேனும் ஒருவர் வெளியிலிருந்து எழுதி ஒட்ட வேண்டும்.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் 1980இல் குறுவட்டுக்கு விதி வகுத்தபோது, பாடல் பெயர்களுக்கு அதில் இடம் வைக்கவில்லை. வட்டின் தொடக்கத்தில் ஒரு பொருளடக்கம் உண்டு. ஆனால் அது முழுவதும் எண்களே. எத்தனை பாடல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில், எந்த நொடியில், நொடியை 75 கூறாக்கினால் எத்தனையாவது கூற்றில் தொடங்குகிறது என்பதையே அது சொல்லும். பெயர்கள் அட்டைப் பெட்டியின் தாளில் அச்சாகியிருந்தன. ஆகவே, பழைய கணினியில் குறுவட்டை இட்டபோது 'பாடல் 1', 'பாடல் 2' என்று மட்டுமே தெரிந்தது.

1990களில் இதற்கொரு வழி பிறந்தது. சிடிடிபி என்னும் தரவுத்தளம், வட்டிலுள்ள பாடல்களின் எண்ணிக்கை, அவை தொடங்கும் நேரங்கள், வட்டின் மொத்த நீளம் ஆகியவற்றிலிருந்து ஓர் அடையாள எண்ணைக் கணித்தது. அதே எண்ணுடைய வட்டுக்கு முன்பே எவரேனும் பாடல் பெயர்களைத் தட்டெழுதி அனுப்பியிருந்தால், அவை நம் திரையில் தோன்றும். இங்கே கருவி பாட்டைக் கேட்டு அறியவில்லை; நீளங்களை ஒப்பிட்டது, அவ்வளவே. வெவ்வேறான இரு வட்டுகளுக்கு ஒரே எண் அமைந்தால் தொடர்பே இல்லாத பாடல் பெயர்கள் தோன்றியதும் உண்டு. முதலில் தட்டெழுதியவர் செய்த எழுத்துப் பிழை, அடுத்து அந்த வட்டை இட்டவர் அனைவரையும் சென்று சேர்ந்தது.

முப்பது பைட்டுக்குள் ஒரு தலைப்பு

எம்பி3 கோப்புகள் பரவியபோது, குறிப்பைக் கோப்பிலேயே சேர்த்துவைக்கும் முறை வந்தது. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் உருவாக்கிய அம்முறைக்கு ஐடி3 என்று பெயர். கோப்பின் கடைசி 128 பைட்டுகளே அதன் இடம். அடையாளச் சொல்லுக்கு 3, தலைப்புக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, தொகுப்பின் பெயருக்கு 30, ஆண்டுக்கு 4, பிற குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1 எனக் கட்டங்கள் அமைந்தன. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். முப்பது எழுத்துகள் எழுதலாம்.

தமிழுக்கு என்ன நேரும்? இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில், ஒருங்குறியின் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். அகரம் ஏறிய மெய் ஒரு குறியீடு. புள்ளி பெற்ற மெய்யும், பிற உயிர் ஏறிய மெய்யும் இரண்டு குறியீடுகள். 'கப்பலோட்டிய' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் இலக்கணப்படி அது ஏழு எழுத்து. கணினிக்கோ 11 குறியீடுகள், அதாவது 33 பைட்டுகள். முப்பது பைட் கட்டத்தில் படத்தின் பெயரில் முதற்சொல்லே அடங்காது; 'தமிழன்' வெளியே நிற்பான்!

அந்தக் கட்டங்கள் மேலை ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்காக அமைந்தவை என்பதால், அக்காலத்தில் தமிழில் எழுத முனைந்தோர் தத்தம் எழுத்துருவின் குறியீட்டில் எழுதினர். திஸ்கி முறையில் ஒருவர் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மேற்குறிகள் இட்ட ஐரோப்பிய எழுத்துகள் பொருளின்றி வரிசையாக நிற்கும். இத்துன்பத்தைத் தவிர்க்கவே பெரும்பாலோர் பாடல் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினர். அன்று கட்டாயத்தால் வந்த அவ்வழக்கம், கட்டாயம் நீங்கிய பின்னும் தொடர்கிறது.

கட்டாயம் நீங்கிவிட்டதென்று ஏன் சொல்கிறேன்? ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. 1998இல் வெளிவந்த ஐடி3 இரண்டாம் பதிப்பு ஒருங்குறியை ஏற்றது; முப்பது பைட் எல்லையையும் நீக்கியது. அதுமட்டுமன்று. பாடியவர், இசையமைத்தவர், பாடலாசிரியர், பாடலின் மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்களையும் தந்தது. ஆகவே பாரதியார் பெயரை எழுத இடம் இல்லை என்று எவரும் இன்று சொல்ல இயலாது. இடம் இருக்கிறது, பல பாடல்களில் அது நிரப்பப்படாமல் கிடக்கிறது. நிரப்பினாலும் பெரும்பாலான கருவிகள் முதல் திரையில் தலைப்பையும் கலைஞர் பெயரையும் மட்டுமே காட்டுகின்றன. பாடலாசிரியரைக் காண உள்ளே சென்று தேட வேண்டும்.

பெயரும் சாய்கோடும்

கட்டங்களை வகுத்தவர்கள் தங்கள் பெயர் மரபையே மனத்தில் கொண்டிருந்தனர் என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று ஒன்றுண்டு. ஒரு பாடலைப் பலர் பாடியிருந்தால், அவர்கள் பெயர்களுக்கிடையே சாய்கோடு இடவேண்டும் என்பது ஐடி3 இரண்டாம் பதிப்பின் ஒரு விதி. மலேசியாவில் நம்மவர் தந்தை பெயரைச் சேர்க்க 'ஏ/எல்', 'ஏ/பி' என்று எழுதுகிறோம். சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்று எழுதும் வழக்கமுண்டு. குமரன் ஏ/எல் மாறன் என்னும் பாடகரின் பெயரை, இவ்விதியை அப்படியே பின்பற்றும் கருவி 'குமரன் ஏ' என்றும் 'எல் மாறன்' என்றும் இருவராகப் பிரித்துவிடும். பெயரிலேயே சாய்கோடு உடைய ஏசி/டிசி என்னும் ஆஸ்திரேலிய இசைக்குழுவுக்கும் இதே இன்னல் நேர்ந்தது. 2000இல் வந்த திருத்தம் சாய்கோட்டுக்கு மாற்றாக வேறு பிரிப்புக் குறியைக் கொண்டது. எனினும் பழைய விதியில் எழுதப்பட்ட கோப்புகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

இசை வகைக் கட்டமும் அவ்வாறே. முதற்பட்டியலில் 80 வகைகள் இருந்தன. ராக் இசைக்குப் பல உட்பிரிவுகள் இருந்தன. கருநாடக இசைக்கு ஓரிடமும் இல்லை. தேவாரமும் தெம்மாங்கும் 'பிற' என்னும் பெட்டிக்குள் சென்றன. வகைப்பாடு என்பது வகுத்தவரின் உலகம். இலக்கணம் பயின்ற நமக்கு இது புதிய செய்தியன்று.

நம் முன்னோர் எழுதிய குறிப்பு

நூலைப் பற்றிய செய்திகளை நூலுக்கு முன்னே எழுதிவைப்பது நமக்குப் பழகிய மரபு. சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவை எட்டு என்கிறார் பவணந்தி முனிவர்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றுடன் காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வோரும் உண்டென்று நன்னூல் குறிக்கிறது. அவற்றுள் முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

இசைப்பாட்டுக்கு இன்னும் பொருத்தமான சான்று பரிபாடல். அதன் பாடல்களின் இறுதியில் உள்ள பழங்குறிப்புகள் பாட்டை இயற்றியவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றையும் தனித்தனியே தருகின்றன. மூன்றாம் பாடலை இயற்றியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ். 1998இல் கணினி வல்லுநர் தனித்தனிக் கட்டங்களாக வகுத்ததை, நம் ஏடுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவைத்தன. பெட்டனாகனாரின் இசை நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அப்படி ஒருவர் இருந்தார் என்பதை அந்த ஒரு வரிக் குறிப்பு காத்து நிற்கிறது.

பெயர் தெரியாதபோது அவர்கள் என்ன செய்தார்கள்? 'அறியப்படாதவர்' என்று எழுதிவிட்டுச் செல்லவில்லை. பாட்டிலுள்ள அழகிய தொடரையே புலவர் பெயராக்கினார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் ஆகிய பெயர்கள் அவ்வாறு பிறந்தவை. ஆசிரியர் இன்றிப் பாட்டை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

கேட்டு அறியும் கருவி

இன்று ஒலியைக் கேட்டே பாட்டை அறியும் செயலிகள் வந்துவிட்டனவே, இனிக் குறிப்பு எழுதுவானேன் என்று மாணவர்கள் கேட்கலாம். 2002இல் பிரிட்டனில் தொடங்கிய ஷசாம் அத்தகையது. அது ஒலியில் எந்தெந்த நொடியில் எந்தெந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்பதைப் புள்ளிகளாகக் குறிக்கிறது. புள்ளிகளை இணைத்து ஒலியின் கைரேகை போன்ற ஒன்றை உருவாக்குகிறது. அதைத் தன் களஞ்சியத்தில் உள்ள ரேகைகளோடு ஒப்பிடுகிறது. வியக்கத்தக்க திறன்தான். எனினும் ரேகை பொருந்திய பின் அது காட்டுவது என்ன? அப்பதிவுக்கு முன்பே மனிதர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பையே காட்டுகிறது. குறிப்பில் பாடலாசிரியர் இல்லையெனில், எத்துணைக் கூரிய செவியும் அவரைக் கண்டுபிடிக்காது.

தேடலின் நிலையும் இதுவே. 'தமிழ்' என்னும் சொல்லையே ரோமன் எழுத்தில் எழுதிப் பாருங்கள். தகரத்தை 'டி' என்று எழுதுவோரும் 'டிஎச்' என்று எழுதுவோரும் உளர். ழகரத்தை 'எல்' என்பாரும் 'இசட்எச்' என்பாரும் உளர். இந்த இரண்டால் மட்டுமே நான்கு வடிவங்கள் பிறக்கின்றன. பெயரின் முன்னெழுத்துக்குப்பின் புள்ளி இடுவதா, இடைவெளி விடுவதா என்பதிலும் ஒழுங்கில்லை. ஒவ்வொரு வடிவத்தையும் வேறொருவராகக் கருவி கொண்டால், ஒரே பாடகரின் பாடல்கள் நான்கு பெயர்களின்கீழ்ச் சிதறும். தமிழ் எழுத்தில் எழுதும்போது இச்சிதறல் பெருமளவு நீங்குகிறது.

நாம் செய்யத்தக்கது

இதில் பெயரோடு வாழ்வும் அடங்கியிருக்கிறது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய உரிமைத்தொகையைச் சிங்கப்பூரில் காம்பஸ், மலேசியாவில் எம்ஏசிபி ஆகிய அமைப்புகள் திரட்டி வழங்குகின்றன. எந்தப் பாட்டு யாருடையது என்னும் பதிவு சரியாக இருந்தால்தான் தொகை உரியவரைச் சென்றடையும். பாரதியாரின் பெயரைத் திரை மறைத்தாலும் நூலகங்கள் அவரை மறக்கமாட்டா. நம் நாடுகளில் பள்ளி விழாவுக்கும் வானொலிக்கும் கோயில் திருவிழாவுக்கும் பாட்டெழுதுகிறவர்களுக்கு அத்தகைய காவல் இல்லை. அவர்களுள் பலருக்கு அச்சிட்ட நூல் இல்லை. பதிவோடு ஒட்டிய குறிப்பே அவர்களுக்குரிய ஒரே சான்று. அதை வெறுமையாக விட்டால், நாளை இங்கே எழுந்த தமிழ்ப் பாடல்களை ஆராய்பவருக்குக் குரல்கள் கிடைக்கும், புலவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் பாடல் பதிவுசெய்தால், ஏழு செய்திகளை மாணவரைக் கொண்டே தமிழில் எழுதிக் கோப்பில் சேருங்கள்: தலைப்பு, இயற்றியவர், இசை அமைத்தவர், பாடியவர், ஆண்டு, இடம், மொழி. கணினியில் ஒலிக்கோப்பின் விவரங்களைத் திருத்தும் இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரு பாடவேளை போதும். பெயரை ஒரே வடிவில் எழுதப் பழக்குங்கள். இயற்றியவர் இன்னாரென்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஊகத்தை எழுதாமல், கேட்டறியச் சொல்லுங்கள். பாட்டியிடம் கேட்டு வரும் மாணவன் பெயரோடு ஒரு வரலாற்றையும் கொண்டுவருவான். நன்னூற் பாயிரத்தை அன்று நடத்திப் பாருங்கள். மனப்பாடப் பகுதி உயிர் பெறும்.

என் பேத்தி அன்றிரவே அந்தக் கோப்பின் விவரங்களைத் திறந்து, வெறுமையாக இருந்த கட்டத்தில் 'பாரதியார்' என்று எழுதினாள். அவளுடைய கைப்பேசியில் இப்போது அந்தப் பாட்டுக்கு ஆக்கியோன் உண்டு.