சிப்காட் பக்கத்தில் இன்னொரு படிப்பு

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் வேலை என்றாலே ஐடிஐ, டிப்ளமோ, கம்பெனி பஸ் என்றுதான் பேச்சு போகும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலேயே, 1993-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனத்தில் சமூகப் பணி முதுகலை படிக்கலாம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு, வேறு நிறுவனங்களில், சிறப்புக் கல்வியில் இரண்டாண்டு டிப்ளமோ உண்டு.

இவற்றைப் படித்தவர்களின் வேலை எப்படி இருக்கும்? ஒரு வயதாகியும் உட்காராத குழந்தை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்பார் பாட்டி. பயிற்சி பெற்றவர் வாதாட மாட்டார். பாயில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டுவார். குழந்தை தலையைத் திருப்புகிறதா, கை நீட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு பாட்டியையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போவார். பாட்டி சம்மதித்தால்தானே வீட்டில் பயிற்சி நடக்கும்!

சம்பளம் எல்லா இடத்திலும் தாராளம் என்று சொல்லமாட்டேன், கேட்டுக்கொண்டு சேருங்கள். சிறப்புக் கல்வியாளராக, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்குக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத சான்றிதழை வைத்துப் பதிவு செய்ய முடியாது.