ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு கொடையாளரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடைகளில் நாம் புலவர்களை நினைவுகூர்கிறோம். சமயப் பெரியார்களையும் அரசியல் தலைவர்களையும் நினைவுகூர்கிறோம். அது தக்கதே. ஆயின், கையில் எண்ணெய்க் கறை படிய உழைத்து, உழைப்பால் வந்ததை ஊருக்கு ஈந்த ஒரு தொழிலாளருக்கு நாம் மாலையிடுவது அரிது. அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன். அவர்தாம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பப் படிப்போடு நின்றுவிட்டார். அப்படியிருந்த பையனின் வாழ்வைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் 'றட்ஜ்' என்னும் ஆங்கிலத் தயாரிப்பு மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டியைக் கண்ட பையனுக்கு அதன்மேல் தீராத ஆசை பிறந்தது. ஊரைவிட்டுக் கோயம்புத்தூர் நகருக்குப் போனார். சாப்பாட்டுக் கடையொன்றில் பரிமாறும் வேலை செய்து, ஆண்டுக்கணக்காகக் காசு சேர்த்து, அத்தகைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. அதை ஆணி ஆணியாகக் கழற்றினார், ஒவ்வொரு உறுப்பும் எதற்காக அங்கே இருக்கிறது என்று பார்த்தார், மீண்டும் பூட்டினார். ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை, கழற்றிய வண்டியே நூல். இப்படித்தான் அவர் இயந்திரத் தொழிலாளர் ஆனார்.

1920ஆம் ஆண்டில் ஒரேயொரு பஸ் வண்டியை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்துதான் யூ. எம். எஸ். என்னும் பெரிய போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதலாவது மின்சார மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். பின்னர் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் பெயர்பெற்ற நகராகக் கோயம்புத்தூர் வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு இது ஒரு தொடக்கம்.

அன்பர்களே! இதுவரை சொன்னது ஒருவர் முன்னேறிய கதை. முன்னேறியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர் சேர்த்ததை என்ன செய்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1944இல் தம் மோட்டார்த் தொழிலின் நேரடி நிர்வாகத்திலிருந்து அவர் விலகினார். ஆராய்ச்சி மாணவர்க்கு உதவிப்பணம், தம் தொழிலாளர்க்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் நலத்திட்டங்கள் என்று வழங்கத் தொடங்கினார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பாடசாலையும் ஒரு பொறியியற் கல்லூரியும் எழுந்தன. பள்ளியை விட்டோடிய பையன் 1945இல் கல்லூரி அதிபராக அமர்ந்தார்! கல்லூரிக்கு இடப்பட்ட பெயரோ அவருடையதன்று. அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப் என்பவரின் பெயரே சூட்டப்பட்டது. கல்லூரி பிறகு வேறிடம் மாறி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. பழைய இடத்தை இன்றும் 'ஹோப் காலேஜ்' என்றே மக்கள் சொல்கிறார்கள். கொடுத்தவர் பெயர் அதில் இல்லை. கொடை மட்டும் நிலைத்தது.

பொறியியற் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் வீண், இரண்டு ஆண்டுகளே போதும் என்று அவர் வாதிட்டார். அரசாங்கம் இணங்கவில்லை, பதவியைத் துறந்தார். பல்கலைக்கழக மாணவனாகிய நான் அவர் கூற்றை முழுதும் ஒப்புக்கொண்டால், என் வீட்டார் நாளைக்கே கட்டணம் நிறுத்திவிடுவார்கள்! ஆயினும் அவர் கருத்தின் உட்பொருளை மறுக்க முடியாது. கை அறியாத கல்வி அரைக் கல்வியே.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஊரார் நீருண்ணும் குளம், ஊர்நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம் என மூன்று உவமைகளை அதிலே காட்டினார். பணம் கொடுப்பது பழத்தைக் கொடுப்பது போன்றது, உண்டவுடன் தீரும். தொழில் கற்றுக் கொடுப்பது குளம் வெட்டுவது போன்றது. அள்ள அள்ள ஊறும். நாயுடு அவர்கள் இரண்டையும் செய்தார் எனினும், இரண்டாவதே அவரது பெருங்கொடை என்பது என் துணிபு.

இனி நம் திருகோணமலைக்கு வருவோம். இத்துறைமுகத்தால் நம் ஊர் உலகறிந்தது. பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் அமைத்திருந்தது; 1957இல் அதைக் கையளித்துவிட்டுப் போயிற்று. எசமான்கள் வருவார்கள், போவார்கள். அவர்கள் தந்த உத்தியோகமும் அவர்களோடு போகும். கைக்குள் இருக்கும் தொழிலை எந்தக் கப்பலும் ஏற்றிச் செல்லாது. இருந்தும் நாம் பிள்ளைகளிடம் கேட்பது என்ன? "தம்பி, அரசாங்க உத்தியோகம் எப்போது?" என்பதே. சாதாரண தரப் பரீட்சையில் தவறிய பிள்ளையை வீட்டார் மூலையில் இருத்துகிறார்கள். ஊர் அவனை மறந்துவிடுகிறது. அவனும் மனமொடிந்து சந்தியில் நிற்கிறான். அவனுக்குள் ஒரு நாயுடு இல்லையென்று யார் உறுதி சொல்ல வல்லார்?

நம் வீதிகளிலும் கராஜ் வைத்திருப்போர், சைக்கிள் திருத்துவோர், ஒட்டுவேலை செய்வோர் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளையின் சைக்கிளுக்குக் காசு வாங்காமல் காற்றடித்து விடுகிறவர்களும், இரவில் பழுதான வண்டிக்கு எழுந்து வருகிறவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களைத் தேடி இச்சங்கம் போகவேண்டும் என்பது என் விண்ணப்பம். ஒவ்வொருவரும் இரண்டு பையன்களை ஏற்றுத் தொழில் பழக்க இணங்குவார்களாயின், அப்பையன்களின் பஸ் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் சங்கம் பொறுப்பேற்கட்டும். பெருந்தொகை வேண்டாம், ஒரு விழாவின் அலங்காரச் செலவு தொடக்கத்துக்குப் போதும். அடுத்த ஆண்டு விழாவில் அத்தொழிலாளருள் மூத்த ஒருவரை இம்மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம்.

நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். 2025 ஒக்டோபரில், கோயம்புத்தூர் அவிநாசி வீதியின்மேல் எழுந்த 10 கிலோமீற்றர் நீளமான மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பாலம் கட்ட நம்மிடம் பொருளில்லை. இரண்டு பையன்களுக்கு வழி திறக்க நம்மால் இயலும். அதை இந்த ஆண்டே தொடங்குவோம்.