சுருள் யார் பெட்டியில்?

(சித்தையன்கோட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நம் முன்னால் இருக்கிற கேள்வி சின்னது. சேரியின் வாழ்க்கையை நாமே படமெடுக்கணும் என்று வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியிருக்கிறீர்கள். அதைக் கொண்டு என்ன வாங்குவது என்பதில் இரண்டு கட்சியாகிவிட்டது. பழைய சூப்பர் 8 காமிரா ஒன்று வாங்கி ஃபிலிமில் எடுக்கணும் என்கிறது ஒரு கட்சி. கையில் போன் இருக்கும்போது இது என்ன கூத்து என்கிறது இன்னொரு கட்சி. நான் வங்கியில் குமாஸ்தா. கவிதையும் எழுதுகிறவன். இரண்டு பேருடைய கணக்கையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். கோடக் கம்பெனி 1923இல் 16 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் செலவைக் குறைக்க 1932இல் 8 மி.மீ. வந்தது. 16 மி.மீ. அகல ஃபிலிமையே இரண்டு தடவை ஓட்டி, கழுவினபிறகு நடுவில் கிழித்து ஒட்டினார்கள். அதுதான் 8 மி.மீ. 1965இல் சூப்பர் 8 வந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் 50 அடி ஃபிலிம், மொத்தம் 3,600 பிரேம். வினாடிக்கு 18 என்று ஓட்டினால் 3 நிமிஷம் 20 வினாடி, 24 என்று ஓட்டினால் இரண்டரை நிமிஷம். அவ்வளவுதான். முடிந்தால் அடுத்த பெட்டி.

இன்றைக்கும் இது கிடைக்கிறது. கோடக் 2012இல் திவால் மனு போட்ட கம்பெனி. ஃபியூஜி 2013இல் சினிமா ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அப்படியும் கோடக் புதுசாக ஒரு சூப்பர் 8 காமிராவை 2023இல் விற்பனைக்கு விட்டது. விலை 5,495 டாலர். நம் கணக்கில் நாலு லட்சத்துக்கும் மேலே. ஃபிலிம் பெட்டி ஒன்று மட்டுமே அமெரிக்காவில் நாற்பது டாலரைச் சுற்றி விற்கிறது. 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். கப்பல் கூலி, சுங்கம், கழுவுகிற செலவு எதையும் சேர்க்காமலே மூன்று நிமிஷப் படம் பத்து நாள் கூலிக்கு மேல் போகிறது. இந்தக் கணக்கை மறந்துவிட்டு ஃபிலிமின் அழகைப் பற்றிப் பேசுவது மேட்டிமைப் பேச்சு.

அழகு என்று ஒன்று பேசப்படத்தான் செய்கிறது. போனில் எடுத்த படத்துக்குக் கீறலும் தூசியும் போட்டுத்தர இன்றைக்கு ஆப் இருக்கு. பழசுக்கு ஏங்குகிற ஏக்கம் ஒரு சரக்காகிவிட்டது. யார் ஏங்குகிறார்கள்? அப்பா பிறந்தநாள், அத்தை கல்யாணம், கொடைக்கானல் படகு என்று வீட்டில் சுருள் வைத்திருந்தவர்கள் ஏங்கலாம். எங்க தாத்தா முகம் எங்களிடம் இருப்பது வாக்காளர் அட்டையில் மட்டும்தான். அதுவும் அரசாங்கம் தன் தேவைக்காக எடுத்தது. அவர் நடந்தது, வெத்தலை மென்றது, கோபப்பட்டது எதுவும் எந்தச் சுருளிலும் கிடையாது. இழந்த பொருளுக்குத்தான் ஏங்க முடியும். நமக்கு ஃபிலிம் வந்து சேரவே இல்லை.

அப்படியானால் பழைய ஃபிலிமில் நாம் இல்லவே இல்லையா? இருக்கிறோம், ஓரத்தில். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில், இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் சொந்தமாக எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. துரைசாணி, குழந்தை, நாய், வேட்டை, தோட்டம் — வீட்டுப் படம் என்றால் இதுதான் நடுவில் இருக்கும். ஆயா, குதிரைக்காரன், கூடை சுமக்கிறவள், கூட்டுகிறவன் எல்லாம் பிரேமின் விளிம்பில் வந்து போவார்கள். நாயின் பேரை எழுதி வைப்பார்கள், ஆயாவின் பேரை எழுத மாட்டார்கள். விளிம்புநிலை என்று நாம் கட்டுரைகளில் எழுதுகிறோமே, அது வெறும் உவமை இல்லை. ஃபிலிமில் அதற்கு இடம்கூட ஒதுக்கியிருந்தார்கள்.

1965இல் சூப்பர் 8 வந்தது என்று சொன்னேன். மூன்று வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த 44 பேரில் ஒருத்தர் நாற்று நடுகிற, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மூன்று நிமிஷச் சுருள் நம்மிடம் இல்லை. பெயர்ப் பட்டியலும் நினைவுத் தூணும் இருக்கின்றன. செத்த பிறகு கிடைத்தது அது. உயிரோடு இருந்ததற்கான படம் இல்லை.

இன்னொரு சங்கதியும் சொல்லணும். அது திண்டுக்கல்காரர்களுக்குத்தான் நன்றாக விளங்கும். ஃபிலிம் எதனால் ஆனது? வெளிச்சம் பட்டால் மாறுகிற வெள்ளி உப்பைப் பிளாஸ்டிக் பட்டையின் மேல் ஒட்டவைக்க ஒரு பசை வேண்டும். அந்தப் பசை ஜெலட்டின். மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. இத்தனை வருஷம் ஆகியும் அதற்குச் சரியான மாற்று கிடைக்கவில்லை. 1920களில் கோடக்கின் ஆராய்ச்சியாளர் சாமுவேல் ஷெப்பர்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு ஜெலட்டினில் ஃபிலிம் நன்றாக வேலை செய்கிறது, இன்னொன்றில் செய்யவில்லை. ஏன் என்று தேடிப்போனால், மாடு மேய்ந்த கடுகு வகைச் செடியிலிருந்து வந்த கந்தகச் சேர்மம்தான் வெளிச்சத்தைப் பிடிக்கிற சக்தியைக் கூட்டியிருக்கிறது. மாடு எதைத் தின்றது என்பது வரைக்கும் சினிமாவுக்குச் சம்பந்தம் இருக்கு. இந்தியாவிலிருந்து நொறுக்கிய எலும்பு வெளிநாட்டு ஜெலட்டின் ஆலைகளுக்குக் கப்பலேறின வரலாறும் நீண்டது.

செத்த மாட்டைத் தூக்கினது யார்? எலும்பு பொறுக்கினது யார்? திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி நின்றது யார்? அந்த வாழ்க்கையைத்தான் டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார், 2012இல் சாகித்ய அகாதமி பரிசும் வந்தது. தொட்டால் தீட்டு என்று எந்தக் கையை ஒதுக்கினார்களோ, அந்தக் கை புழங்கின பொருள் இல்லாமல் ஒரு புராணப் படம்கூட ஓடியிருக்காது. சாமிக்கு வெளிச்சம் காட்டினது மாட்டு எலும்புப் பசை. கோயிலுக்குள் விடாதவர்கள் கொட்டகையில் அந்தப் பசையைப் பார்த்துத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நம் மாநிலத்திலேயே ஃபிலிம் ஆலை ஒன்று இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் தொடங்கின பொதுத்துறை நிறுவனம், 'இந்து' என்ற பேரில் எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை சினிமா ஃபிலிமும் செய்தது. 1990களில் நலிவடைந்து 2010களில் கதவு மூடினது. நாட்டின் சொந்த ஃபிலிம் என்று பெருமையாகப் பேசப்பட்ட காலத்திலும் அந்தச் சுருள் சேரிப் பக்கம் திரும்பவில்லை.

இவ்வளவு சொன்னதால் ஃபிலிமைத் தூக்கிப்போடு என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கருவி நம் பக்கத்து ஆட்கள் கைக்கு வந்த இடங்களும் உண்டு. 1956 டிசம்பர் 7, பம்பாயில் பாபாசாகேபின் இறுதி ஊர்வலம். மராத்தி சினிமாவில் இருந்த நாம்தேவ்ராவ் வட்கர் சொந்தமாகப் பணம் புரட்டி, காமிராவுக்கு ஏற்பாடு செய்து அந்த ஊர்வலத்தைப் படமாக்கினார். யாரும் அவரை அனுப்பவில்லை. எடுக்காவிட்டால் இது போய்விடும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஜனக்கடலை இன்றைக்கு நாம் பார்க்க முடிகிறது.

1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கம். ஆனந்த் பட்வர்தனும் நண்பர்களும் சூப்பர் 8 காமிராவில் எடுத்தார்கள். பெரிதாக்க வசதியில்லை. சூப்பர் 8 படத்தைத் திரையில் ஓட்டி, அந்தத் திரையை 16 மி.மீ. காமிராவால் திரும்பப் படம்பிடித்தார்கள். 'புரட்சியின் அலைகள்' உருவானது. 1975இல் அவசரநிலை வந்தபோது படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆட்கள் மூலம் வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே திரும்ப ஒட்டினார்கள். ஃபிலிம் ஒரு பொருள் என்பதால் அது நடந்தது. மடியில் கட்டலாம், மறைக்கலாம், கைமாற்றலாம்.

அதே பட்வர்தன் 1985இல் பம்பாய்க் குடிசைவாசிகளைப் பற்றி எடுத்த படத்தில் விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர் பாடுகிறார். 1997 ஜூலையில் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டது, பத்துப் பேர் செத்தார்கள். அந்தத் துக்கத்தில் விலாஸ் கோக்ரே தூக்கில் தொங்கினார். அங்கிருந்து தொடங்கி 14 வருஷம் எடுத்த படம்தான் 2011இல் வந்த 'ஜெய் பீம் காம்ரேட்'. பன்னிரண்டு வருஷம் ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருந்த சுருள், செத்த மனுஷனைத் திரும்பப் பாடவைத்தது. இங்கே நான் பார்ப்பது எடுத்த கையை மட்டும் இல்லை. வைத்துக்கொண்ட பெட்டியையும்தான்.

பிறகு வீடியோ வந்தது. 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அதைச் சாட்சியாக வைத்தது. 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. திரையிட இடம் மறுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். இதெல்லாம் ஃபிலிமாக இருந்திருந்தால் நடந்திருக்குமா? மலக்குழிப் பக்கத்தில் நின்றுகொண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு பெட்டி மாற்ற முடியுமா? ஆகவே போன்காரர்கள் சொல்வது சரி. காமிரா நம் கைக்கு வந்தது டிஜிட்டலில்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் போன்காரத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்த போராட்டப் படம் எங்கே? போன் விழுந்து உடைஞ்சிருக்கும். இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும். இடம் பத்தலைன்னு அழிச்சிருப்பீர்கள். வாட்ஸப்பில் பத்துக் கைமாறி, முகமே தெரியாத அளவுக்குச் சுருங்கிப்போய் எங்கேயோ கிடக்கும். யூடியூபில் இருக்கு என்றால், அந்தப் பெட்டியின் சாவி உங்களிடம் இல்லை. ஒரு புகார் போனால் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவிடுவான்.

நான் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். அரைப் பவுன் தோட்டைக் கொண்டுவந்து ஒரு அம்மா வைத்தால், எடை போட்டு, பையில் போட்டு, முத்திரை வைத்து, எண் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, இரண்டு பேர் சாவி போட்டால்தான் திறக்கிற அறைக்குள் வைக்கிறோம். அந்த அம்மா மகன் அடிபட்டு நின்ற படத்துக்கு நம்மிடம் ஒரு எண்கூட இல்லை. அரைப் பவுனுக்குக் கொடுக்கிற மரியாதையை நம் சாட்சிக்கு நாம் கொடுக்கவில்லை.

அதனால் என் யோசனை இது. திரட்டின பணத்தில் முதல் செலவு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கெட்டி அட்டை நோட்டு. போனில் எடுத்தது எல்லாம் இரண்டிலும் ஏறணும். ஒன்று இங்கே, ஒன்று வேறு ஊரில், வேறு தோழர் வீட்டில். நோட்டில் தேதி, இடம், எடுத்தவர் பேர், படத்தில் இருக்கிறவர் பேர் எழுதணும். கேம்பிரிட்ஜ் பெட்டியில் ஆயாவுக்கு நேர்ந்தது நம் பெட்டியில் யாருக்கும் நேரக்கூடாது. ஹார்ட் டிஸ்க்கும் சாகும். சில வருஷத்துக்கு ஒருதரம் புதுசுக்கு மாற்றணும். அதற்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

மீதிப் பணத்தில் புது காமிரா வேண்டாம். ஓடுகிற பழைய சூப்பர் 8 ஒன்றை இரவல் வாங்கி, வருஷத்துக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள் எடுங்கள். ஏன்? போனில் எடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிறோம். 3,600 பிரேம்தான் என்றால் எடுக்கிறதுக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசியாகணும். எந்தப் பெரியம்மா, எந்தத் தெரு, எந்த வேலை? யார் முடிவு பண்றது, ஆம்பிளைங்க மட்டுமா? அந்தச் சண்டை நமக்கு வேண்டியது. சேரி தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கிற மூன்று நிமிஷம் அது.

கழுவ லேப் இல்லையே என்பீர்கள். தமிழ்நாட்டின் பெரிய லேப்கள் 2010களில் அந்த வேலையை விட்டுவிட்டன, வாஸ்தவம். கறுப்பு வெள்ளையை இருட்டறையில் நாமே கழுவலாம். இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி சேர்த்துக் கரைத்தால் படம் எழும்பும். நிலைநிறுத்த ஹைப்போ வேண்டும். அந்தத் தண்ணியில் வெள்ளி கரைந்திருக்கும், வாய்க்காலில் ஊற்றக்கூடாது. தோல் ஷாப் தண்ணியால் கிணறு கெட்ட கதை தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபிலிம் சாகாது என்றும் நம்பாதீர்கள். நம் தகரக் கூரைச் சூட்டில் அதன் பட்டை புளித்துக் காடி நாற்றம் அடிக்கும். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கணும். ஆனால் அப்படி வைத்தால், நூறு வருஷம் கழித்து மின்சாரமோ பாஸ்வேர்டோ இல்லாவிட்டாலும், நம் பேரப்பிள்ளை அந்தப் பட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு முகத்தைப் பார்க்க முடியும்.

முதல் சுருளில் என்ன எடுப்பது என்று கடைசியில் ஒரு தங்கச்சி கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லக்கூடாது. நான் மைக்கைக் கீழே வைத்ததும் நீங்கள் பேச ஆரம்பியுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த முடிவையும், மாற்றுக் கருத்து சொன்னவர்கள் பேரையும் எழுதுங்கள்.

ஜெய்பீம்.