ஈ.எல்.ல கை வைக்காதே



என் சித்தப்பா ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவர். சொந்தத்தில் கல்யாணம் என்றால் விடியற்காலையில் வந்து மொய் எழுதுவார், முதல் பந்தியில் உட்காருவார், பத்து மணிக்கு ஆபீசில் இருப்பார். "ஒரு வாரம் லீவு போட்டுட்டு கொடைக்கானல் போய்ட்டு வாங்களேன் சித்தப்பா" என்றால், "ஈ.எல்.ல கை வைக்கக் கூடாதுடா" என்பார், ஏதோ நகையை அடகு வைக்கச் சொன்னது போல.

விடுமுறை வேறு, விடுப்பு வேறு. விடுமுறை எல்லோருக்கும் பொது. விடுப்பு, ஒருவர் கேட்டு மேலதிகாரி கையெழுத்துப் போட்டுத் தருவது. பல்கலைக்கழக வளாகத்தில் இந்த வித்தியாசம் மே மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். பேராசிரியர்களுக்குச் சம்பளத்துடன் கோடை விடுமுறை. எதிரே நிர்வாகக் கட்டடத்தில் தேர்வு முடிவு, மாணவர் சேர்க்கை என்று ஃபைல் மலையாய்க் குவிந்திருக்கும்.

கோடை விடுமுறை இல்லாத இந்த அலுவலர்களுக்குத்தான் ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, அதாவது சித்தப்பா சொன்ன ஈ.எல். மாநில அரசு விதிகளையே பெரும்பாலும் பின்பற்றும் நம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஜனவரி 1-ல் 15 நாள், ஜூலை 1-ல் 15 நாள் கணக்கில் ஏறும். தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. அது டிசம்பர் 31-உடன் காலாவதி. டிசம்பர் கடைசி வாரத்தில் பாதி நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்! ஆசிரியர்களுக்கு யு.ஜி.சி.யின் 2018-ஆம் ஆண்டு விதிமுறையில் ஒரு கணக்கு உண்டு: விடுமுறையில் 30 நாள் பணிக்கு அழைத்தால், அதற்காக 10 நாள் ஈட்டிய விடுப்பில் சேரும். கௌரவ விரிவுரையாளர்களின் நிலைமையோ வேறு. நெடுங்காலமாக அவர்களுக்கு 11 மாதச் சம்பளம்தான். அவர்களுக்கு மே மாதம் விடுமுறை இல்லை. வருமானம் இல்லாத மாதம்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஈட்டிய விடுப்பு சேர்ந்துகொண்டே போகும், 240 நாள் வரை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற மத்திய நிறுவனங்களில் 300. ஓய்வுபெறும்போது இருப்பில் உள்ள நாட்களுக்குப் பணம். 240 நாள் என்றால் எட்டு மாதச் சம்பளம். மகள் கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் அந்தத் தொகையை நம்பித்தான். நடுவில் ஆண்டுக்கு 15 நாளை 'சரண்டர்' செய்து காசாக்கலாம். பள்ளிக்கூடக் கட்டணத்துக்குக் கைகொடுத்த பணம் அது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 ஏப்ரலில் அரசு அதை நிறுத்தியது, பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2025 அக்டோபர் 1 முதல்தான் திரும்பக் கிடைத்தது.

ஓய்வெடுக்கக் கொடுத்த நாள் இப்படி ரொக்கமாகிவிட்டது. ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; மாதக் கடைசியில் கையில் காசில்லாத வீட்டில் விடுப்பு நாளை விற்றால்தான் ஆகும். ஆனால் 240-ஐத் தொட்ட பிறகும் லீவு எடுக்காமல் இருப்பதை என்னவென்று சொல்வது? அதற்கு மேல் சேருவது கணக்கில் நிற்காது. சித்தப்பாவின் பணிப்பதிவேட்டுக் கடைசிப் பக்கங்களை ஒருமுறை பார்த்தேன். 240, 240, 240 என்று ஒரே எண், ஆண்டுக்கணக்காக, ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொரு அரையாண்டும் 15 நாளை அவர் சும்மா விட்டுக்கொடுத்திருக்கிறார். விடுப்பும் போச்சு, காசும் இல்லை.

சேர்த்த பணமாவது உடனே கைக்கு வருமா என்றால், நிதி நெருக்கடியில் இருக்கும் பல்கலைக்கழகங்களில் ஓய்வுபெற்றவர்கள் பணப்பலனுக்காக நடையாய் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சித்தப்பாவும் நடந்தார், முழங்கால் வலியோடு.

பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் நேயர்களே, நாளைக்கு உங்கள் விடுப்புக் கணக்கை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 240-ஐ நெருங்கியிருந்தால் பத்து நாளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டால் போதும்.