எல்லை தாண்டினாலும் உரிமை உண்டு



ஓசூரில் குடியிருந்து அத்திப்பள்ளி ஆலைக்குப் போகிறோம். பிரஸ் மெஷினில் கை நசுங்கினால், "கேஸ் போடக் கர்நாடகத்துக்கு அலைய வேண்டும்" என்று மிரட்டுகிறார்கள். பொய்! ஈ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளி, தான் குடியிருக்கும் பகுதி அதிகாரியிடமே நஷ்டஈடு கேட்கலாம். 1995 திருத்தம் தந்த இந்த உரிமை 2020 சட்டத்தொகுப்பிலும் நிற்கிறது. டிராக்டரில் அடிபட்ட விவசாயக் கூலிக்கும் உண்டு. கெடு, விபத்து நடந்து இரண்டே வருஷம்.

காண்டிராக்டர் கைவிரித்தாலும் பிரதான முதலாளி பொறுப்பு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்! சம்பளச் சீட்டு, டாக்டர் சான்று, சாட்சி ஆகியவற்றைத் திரட்டி, சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போயிற்று என்று வாதாடுவது வக்கீலின் வேலை.

வக்கீலுக்குக் காசில்லையா? ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 1987 சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுப்போம்.

நாம் கேட்பது பிச்சையல்ல, பாக்கி!