பிளாங்க் வெச்சியா?



இந்த ஆண்டு பிஎச்டி சேர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆய்வு முறையியல் பற்றிப் பேசச் சொன்னார்கள். யுஜிசி விதிப்படி எல்லோரும் படித்தாக வேண்டிய பாடம் அது; நோட்ஸ் உங்களிடமே இருக்கும். நோட்ஸில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தவறு.

நான் வேதியியல் மாணவன். கிணற்று நீர்தான் என் வேலை. சேரிக் கிணறுகளில் ஊர்க் கிணறுகளைவிட நைட்ரேட் அதிகம் என்று காட்ட வேண்டும் என்பது முதல் ஆண்டில் என் திட்டம். கவனியுங்கள் தோழர்களே, அதிகமா என்று பார்ப்பதற்கு அல்ல, காட்டுவதற்கு.

காட்டியும்விட்டேன். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் இருக்கலாம் என்கிறது இந்தியத் தரம். சேரி சாம்பிள்கள் பெரும்பாலும் அதைத் தாண்டின. ஊர் சாம்பிள்கள் தாண்டவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மனதுக்குள் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன்.

மறுநாள் லேபில் சீனியர் அக்கா ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பிளாங்க் வெச்சியாடா?"

வைக்கவில்லை. ஒரு பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, மற்ற சாம்பிள்களைப் போலவே கொண்டுபோய்க் கொண்டுவந்து அளப்பதுதான் பிளாங்க். அதில் நைட்ரேட் காட்டினால், கோளாறு கிணற்றில் இல்லை, நம் கையில். அக்கா என்னை உட்காரவைத்து அதைச் செய்யச் சொன்னார். பிளாங்கிலேயே நைட்ரேட் ஏறியிருந்தது. சேரிக்கு எடுத்துப்போனவை, உலோகங்களை அளப்பதற்காக நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்த பாட்டில்கள். அவற்றை நான் சரியாக அலசவில்லை. ஊருக்கு எடுத்துப்போனவை புது பாட்டில்கள். நான் அளந்தது கிணற்றை அல்ல, பாட்டிலை.

பிளாங்க் என்றால் என்னவென்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். பாட்டிலை எதில் கழுவ வேண்டும் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. ஏன்? கேட்டால் 'கோட்டாவில் வந்தவன், இதுகூடத் தெரியவில்லை' என்று நினைப்பார்களோ என்ற பயம். அப்பா பேராசிரியராக இருக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. நமக்கு வருவதில்லை. அதற்குப் பெயர்தான் தகுதி என்கிறார்கள்.

மறுபடி எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரே வகை பாட்டில், ஒரே நாள், ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு சாம்பிள், கூடவே பிளாங்க். ஊருக்கும் சேரிக்கும் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் சில கிணறுகள் வரம்பைத் தாண்டியிருந்தன. என் கருதுகோள் தோற்றது.

அப்படியானால் அங்கே சாதி இல்லையா? இருக்கிறது. நான் தேடிய இடத்தில் இல்லை. ஊரில் அந்தக் கிணற்றை இப்போது யாரும் குடிப்பதில்லை. வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டது. சேரியில் குழாய் வறண்ட நாளெல்லாம் அந்தக் கிணறுதான் குடிநீர். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: எந்தத் தெருவில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, வீட்டுக்கு எத்தனை குடம்?

முதல் முடிவை அப்படியே வெளியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராவது ஒருவர் பாட்டில் கதையைக் கண்டுபிடித்திருப்பார். அதோடு சேரித் தண்ணீர் பற்றி நாம் சொல்லும் உண்மைகள் அத்தனையும் பொய் என்று ஆக்கியிருப்பார்கள்.

'நம் அனுபவமே போதாதா, நிரூபணம் எதற்கு' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மாறியது பெயர் மட்டும்: உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்துவிட்டதால், 'தகுதி இல்லை' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லாமல் போனது.

புதிதாக வந்தவர்களுக்கு: சந்தேகத்தைக் கேளுங்கள். தேதி போட்டு, பேனாவால், தவறையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். சீனியர்களுக்கு: மாதம் ஒரு மாலை ஒதுக்கி, பாட்டில் கழுவுவதிலிருந்து சொல்லிக் கொடுங்கள். அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால், நான் இன்று உங்கள் முன்னால் நின்றிருக்க மாட்டேன்.