காற்று இருந்தும் கரி

விறகடுப்பைப் பார்த்திருப்பீர்கள். காற்று நன்றாகப் போனால் விறகு முழுசாக எரிந்து சாம்பலாகும். காற்று போதாவிட்டால் கரிதான் மிஞ்சும்.

நம் உடம்பின் செல்லும் சர்க்கரையை எரிக்கிற அடுப்புதான். ஆனால் பல புற்றுநோய்ச் செல்கள், காற்று இருந்தும் சர்க்கரையை அரைகுறையாக எரிக்கின்றன. 1920-களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டார். எலியின் கட்டியை மெல்லிசாகச் சீவி வைத்துப் பார்த்தார். அது சர்க்கரையை விழுங்கி லாக்டிக் அமிலத்தைக் கக்கியது. தயிரைப் புளிக்க வைக்கிறதே, அதே அமிலம்.

வீண்செலவுதானே? செல்லுக்கு அப்படியில்லை. வேகமாகப் பெருக நெருப்பு மட்டும் போதாது, புதுச் செல்லைக் கட்டச் செங்கல்லும் வேண்டும். முழுசாக எரியாத சர்க்கரையில் கொஞ்சம் அந்தச் செங்கல்லாகிறது. செல்லின் மூச்சு பழுதாவதே புற்றுநோய்க்கு மூலகாரணம் என்று வார்பர்க் கடைசிவரை பிடிவாதம் பிடித்தார். அங்கேதான் மனிதர் சறுக்கினார்.

இந்தச் சர்க்கரைப் பசியைத்தான் பெட் ஸ்கேன் என்ற படப் பரிசோதனை பிடிக்கிறது. வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். சர்க்கரை மாதிரியான, கதிர்வீசும் மருந்தை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் பேசாமல் படுக்க வைப்பார்கள். பசி அதிகமுள்ள இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். மூளையும் பளிச்சென்றுதான் தெரியும், அதுவும் சர்க்கரைப் பிரியர்!

அப்படியானால், காபியில் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா? கிடக்காது. நீங்கள் போடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையைக் கலந்துகொண்டேதான் இருக்கும்.